விரித்த கை

குதிரைக்குப் பேபி பவுடர் பூசுகிறவனை நான் பார்த்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, வெறும் வயிற்றில். கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கம் நின்று ராதாகிருஷ்ணன் டப்பா டப்பாவாகக் கொட்டித் தேய்த்துக்கொண்டிருந்தான். குதிரையின் நிறம் சாம்பல். வீடியோவில் அது அழுக்காகத் தெரியுமாம். பவுடர் முடிந்ததும் குளம்புகளுக்குத் தங்க நிற ஸ்ப்ரே அடித்தான். அந்த வாடையில் எனக்குக் குமட்டியது. குதிரை இரண்டு தடவை தும்மியது.

"மேக்கப் பிடிக்கல போல உஷாக்கா, கோவத்தப் பாருங்க," என்று சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. ஆனால் அவன் கையைத் தட்டிவிடவும் இல்லை. அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பந்தயக் குதிரை லாயங்களில் நான் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள். அங்கே குதிரையைப் பழக்குவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். மேலுதட்டைக் கயிற்றுக்குள் விட்டு முறுக்கிப் பிடிப்பார்கள். வலியில் அது மரம் மாதிரி நிற்கும். உடனே, "பாத்தியா, சொன்னா கேக்குது," என்று முதுகில் தட்டிக்கொள்வார்கள். குதிரையின் முதுகில் இல்லை, ஒருவர் முதுகில் இன்னொருவர். அந்த மனிதர்களோடு உட்கார்ந்து சோறு தின்ன முடியாமல்தான் வேலையை விட்டேன்.

பிறகு சுங்கை பூலோவிலிருந்து ராதாகிருஷ்ணன் கூப்பிட்டான். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற தொழில் அவனுக்கு. ஓட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரைகளை ஸ்ரீ கெம்பாங்கானில் மாதவி என்று ஒரு பெண் வாங்கி வளர்க்கிறாள். மேயவிடுவாள், அவ்வளவுதான், யாரையும் ஏறவிட மாட்டாள். இடம் போதாமல் ஒன்றை இவனுக்கு இலவசமாகக் கொடுத்திருந்தாள். உனக்கு உதவாது என்றால் என்னிடமே திருப்பிக் கொடு, வேறு யாருக்கும் விற்காதே என்று கையெழுத்தும் வாங்கியிருந்தாள். அது வந்த முதல் வாரத்திலேயே இரண்டு ஆட்களைக் கடித்தது. லோரியைக் கண்டாலே பின்னங்கால்களில் எழுந்து நின்றது. "நீங்க அடிக்காம பழக்குவீங்கன்னு சொன்னாங்க," என்றான். சரி என்றேன். அதற்குச் சாம்பல் என்று பெயர் வைத்தேன்.

முதல் மூன்று வாரம் நான் ஒன்றுமே செய்யவில்லை. வேலிக்குள் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன். முறைத்துப் பார்க்கிறவன் பிடிக்க வருகிறான் என்றுதான் குதிரை நினைக்கும். முதுகு காட்டினால், உனக்கு விருப்பம் இருந்தால் வா என்று அர்த்தம். பத்தொன்பதாம் நாள் என் பிடரியில் சூடாக ஒரு மூச்சு பட்டது. நான் திரும்பவில்லை. அழுதேன், அதுவும் முதுகு காட்டியே.

அதன் பிறகுதான் கை. இடுப்புக்குக் கீழே உள்ளங்கையை விரித்து வைப்பேன். இங்கே உன்னை எதுவும் செய்யாது என்பதுதான் அதற்கு அர்த்தம். டாக்டர் ஊசி போட வந்தால் வேறு யாரையாவது பிடிக்கச் சொல்லிவிட்டு என் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வேன். அந்தக் கை ஒரு தடவைகூடப் பொய் சொல்லக்கூடாது. எட்டு மாதம் சொல்லவில்லை. கடைசியில் நான் கையை விரித்துக்கொண்டு நடந்தால் சாம்பல் கயிறு இல்லாமலே என் பின்னால் லோரியில் ஏறும்.

அப்போதுதான் எனக்குப் புத்தி கெட்டது. பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் கயிறில்லாமல் நடத்திக் காட்டினேன். வாயைப் பிளப்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. அதனால்தான் ராதாகிருஷ்ணன் கிள்ளான் கல்யாணத்தைப் பற்றிப் பேசியபோது நான் மறுக்கவில்லை.

"மேளம் இருக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"நாதஸ்வரம் மட்டுந்தான்கா. அதுவும் மண்டபத்துக்குள்ள. மாப்பிள்ளை ரோட்டுலேருந்து வாசலுக்கு வரணும், அவ்வளவுதான்லா."

நம்பினேன் என்று சொன்னால் அது அரைப் பொய். நானூறு பேர் பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அதுதான் நிஜம்.

மாப்பிள்ளையின் பெயர் விமலன். காலை ஒன்பதரைக்குக் கருப்புக் கண்ணாடியும் தலைப்பாகையுமாக வந்து, இரண்டு பேர் தள்ளிவிட ஏறி உட்கார்ந்தான். சென்ட்டைக் குடம் குடமாக ஊற்றியிருந்தான். ரோட்டு முனை திரும்பினோம். அங்கே உறுமி மேளம் காத்திருந்தது. பதினான்கு பேர்.

அடி விழுந்ததும் சாம்பலின் தோல் முழுவதும் நடுங்கியது. காதுகள் பிடரியோடு ஒட்டிக்கொண்டன. அது கூட்டத்தைப் பார்க்கவில்லை, மேளத்தையும் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தது. நான் கையை விரித்தேன்.

அது நின்றது. சுற்றிலும் இரைச்சல். எவனோ அதன் கண்ணுக்கு நேராக ஃபோன் வெளிச்சத்தைப் பிடித்தான். வியர்வையில் பவுடர் கரைந்து கால்களில் வெள்ளைக் கூழாக வழிந்தது. பயத்தில் சாணி போட்டது. அதற்கு ஒரு சிரிப்பு, அதற்கு ஒரு வீடியோ. "பொம்மை மாதிரி நிக்குது பாருங்க, அந்த அக்கா கைய மட்டும் பாக்குது," என்று யாரோ சொன்னார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதவே கூசுகிறது, ஆனால் இருந்தது.

அடுத்து வண்ணக் காகிதக் குழாயை வெடித்தார்கள், காதுக்குப் பக்கத்திலேயே. சாம்பல் துள்ளவில்லை, ஓடவில்லை. கண்ணை என் கையிலிருந்து எடுக்காமல், நின்ற இடத்திலேயே மூத்திரம் போனது. தங்கக் குளம்புகளைச் சுற்றி அது தேங்கியது. கயிற்றால் உதட்டை முறுக்கியவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று அந்த நிமிஷம் தேடினேன். அவர்கள் கயிறு வைத்திருந்தார்கள். எனக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது.

திரும்பினேன். மண்டபத்துக்கு முதுகைக் காட்டி லோரியைப் பார்த்து நடந்தேன். சாம்பலும் திரும்பி என் பின்னால் வந்தது, மாப்பிள்ளையோடு.

"அக்கா, மண்டபம் அந்தப் பக்கம்," என்றான் விமலன் மேலிருந்து.

நான் நடந்துகொண்டே இருந்தேன். மாப்பிள்ளை போகிற பக்கம்தானே மேளமும் போகும். உறுமிக்காரர்கள் இது புரோகிராமில் இருக்கிறது போல என்று கார் பார்க்கைச் சுற்றி அடித்துக்கொண்டே வந்தார்கள். ராதாகிருஷ்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு, "என்னக்கா பண்றீங்க," என்று கூடவே ஓடி வந்தான். லோரியின் பலகைமேல் சாம்பல் ஒரு காலை வைத்துவிட்டது. வீட்டுக்குப் போகிறோம் என்று நினைத்திருக்கும். அதன் மூச்சு இறங்குவது எனக்குக் கேட்டது.

அப்போது மாப்பிள்ளையின் அம்மா, சந்திரகலா என்று பெயர், பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். விரித்து வைத்திருந்த அந்தக் கையை.

"பத்தரைக்குள்ள தாலி ஏறணும்மா. பொண்ணு மாலையோட நிக்குது."

"உங்க பையன இறங்கி நடக்கச் சொல்லுங்க. கூப்பிடு தூரந்தான்."

"வாசலுக்குப் போகாம பாதி வழில இறங்குனா அபசகுனம். ஏற்கனவே ஒரு கல்யாணம் நின்னுபோச்சு அவனுக்கு. கும்புட்டுக் கேக்கறேன்."

அவள் கை சில்லென்று இருந்தது. கெட்டவள் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். கெட்டவளாக இருந்திருந்தால் போடி என்றிருப்பேன். பின்னால் நானூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து நிமிஷம்தானே என்று என்னிடமே சொல்லிக்கொண்டேன்.

கையை விரித்தேன். பலகைமேல் வைத்த காலைச் சாம்பல் இறக்கியது. ஒரு தடவைகூட முரண்டு பிடிக்காமல் மறுபடியும் அந்த மேளத்துக்குள் என் பின்னால் வந்தது.

தாலி பத்து இருபத்தைந்துக்கு ஏறியது. விருந்து முடிந்து வந்த யாரோ சாம்பலின் வாயில் லட்டைத் திணிக்கப் பார்த்தார்கள். ராதாகிருஷ்ணனை ஆறேழு பேர் சுற்றி நின்று தேதி கேட்டார்கள். வேண்டுமென்றே ஒரு சுற்று நடத்திக் காட்டினோம் என்று அவனும் அளந்துகொண்டிருந்தான்.

திங்கட்கிழமை வேலிக்குள் போய்க் கையை விரித்தேன். சாம்பல் தூரத்து மூலையில் நின்றது. வரவில்லை. செவ்வாய் வரவில்லை. புதன்கிழமையும் இல்லை. தோலிடுக்கில் இன்னும் பவுடர் இருந்தது. கழுவிவிடக்கூட என்னைக் கிட்டே விடவில்லை. சரிதான், உனக்காவது புத்தி வந்ததே என்றுதான் நினைத்தேன். ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை.

வியாழக்கிழமை ராதாகிருஷ்ணன் வேலியோரம் வந்து நின்றான்.

"சனிக்கிழமை ரவாங்ல கல்யாணம்கா. உறுமி இருக்கு, ஆனா எட்டே பேருதான். கையக் காட்டுங்க, வந்துரும்."

"மூணு நாளா வரல பாஸ்."

"வரலன்னா மாதவிகிட்டயே தள்ளிவிட்டுருவேன். சும்மா வச்சு தீனி போட என்னால ஆவாது."

அவன் அதை மிரட்டலாகத்தான் சொன்னான். என் எட்டு மாதம் போய்விடும் என்று நான் பதறுவேன் என்று அவனுக்குத் தெரியும். பதறினேன். கையை விரிக்கப் போனேன். அந்த மூலையில் சாம்பலின் ஒரு காது மெல்ல என் பக்கம் திரும்பியது.

அந்தக் காதை எனக்குத் தெரியும். இனி ஒரு நாளோ இரண்டு நாளோ, அது வந்துவிடும். சனிக்கிழமைக்குள் வந்துவிடும்.

கையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். "வராது பாஸ். மாதவிக்கு ஃபோன் பண்ணுங்க," என்றேன். காறித் துப்பிவிட்டு அவன் ஆபீசுக்குள் போனான். அவன் ஃபோனில் கத்துவது கேட்கிறதா என்று நான் கதவையே பார்த்துக்கொண்டு நின்றேன். குதிரைக்கு முதுகு காட்டி நிற்கிறேன் என்பது எனக்கு உறைக்கவில்லை.

பிடரியில் சூடாக மூச்சு பட்டது.

மூன்று நாள் யோசித்துவிட்டு, என்னைப் போய் மன்னித்துவிட்டு வந்திருக்கிறது. திரும்பி அதன் கழுத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. உள்ளே ராதாகிருஷ்ணன், "சரி மாதவி, நாளைக்கே வந்து ஏத்திக்குங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தான். நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. வெளியே வந்து இதைப் பார்த்தால் சாம்பலுக்குச் சனிக்கிழமை ரவாங்.

திரும்பினேன். இரண்டு கைகளையும் அதன் முகத்துக்கு நேரே கொண்டுபோய், உறுமி அடிப்பதுபோல் ஓங்கி ஓங்கித் தட்டினேன். அது கண் பிதுங்கப் பின்வாங்கி, கால் வழுக்கி, எழுந்து தூரத்து மூலைக்கு ஓடியது. அங்கே போயும் நிற்காமல் வேலியோரமாக ஓடிக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் வெளியே வந்த ராதாகிருஷ்ணன் கதவருகில் நின்று அது ஓடுவதைப் பார்த்தான்.

"நீங்க சொன்னது சரிதான்கா. இது ஒண்ணுத்துக்கும் ஆவாது."

"ஆமா பாஸ்," என்றேன். உள்ளங்கை இரண்டும் எரிந்தன.