அக்கா புருஷன்

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவன் நிமிராமலே கேட்டான், கூட வந்தவர் என்ன உறவு என்று.

"புருஷன்," என்றான் கோபிகிருஷ்ணன்.

கிளம்பும்போது மாமியார் செங்கம்மா சொல்லியனுப்பியது அது. "புருஷன்னு சொல்லிடுங்க மாப்ள. ஒருத்தனும் நோண்ட மாட்டான்." பக்கத்தில் நின்ற ரூபா தலையாட்டினாள். அவள் அவனுடைய மனைவி தேன்மொழியின் தங்கை. தேன்மொழி இறந்து பதினான்கு மாதம்.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு, ரூபா வேலை பார்க்கும் கம்பெனியின் சூப்பர்வைசர் அவளைப் பலாத்காரம் செய்தான். ஹாஸ்டலிலிருந்து வெதுருகுப்பத்து வீட்டுக்கு வந்தவளைச் செங்கம்மா இரண்டு நாள் வெளியே விடவில்லை. எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்க எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் மாத்திரை போட வேண்டும் என்று ஹாஸ்டல் தோழி போனில் சொன்ன பிறகுதான் ரூபா மாமாவைக் கூப்பிட்டாள். இன்று புதன். திருப்பதி வந்து சேரும்போதே மணி பதினொன்று.

டாக்டரம்மா அவனை வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் அவளே வந்தாள்.

"யாரு நீங்க? கல்யாணமே ஆகலைங்குது அந்தப் பொண்ணு."

"அத்தை சொன்னாங்க..."

"நீங்க பக்கத்துல நின்னப்ப எல்லாத்துக்கும் தலையாட்டிச்சு. இப்பதான் பேசுது."

"மாத்திரை குடுப்பீங்களா?"

"மருந்துதான் முதல்ல. கேஸு, சீட்டு எல்லாம் அப்புறம். நான் மருந்து குடுக்கறதுக்குள்ள போய் சீட்டை மாத்தி எழுதிட்டு வாங்க."

வரிசையில் மறுபடி நின்றான்.

"இன்னா சார், அரை மணியில புருஷன் மாறிட்டாரா?" என்றான் சீட்டுக்காரன். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

"அக்கா புருஷன்னு எழுதுங்க."

"அக்கா வரலையா?"

"செத்துட்டா."

இத்தனை மாதத்தில் அதை அவன் வாய்விட்டுச் சொன்னதில்லை. சீட்டுக்காரன் பழையதை அடித்து எழுதினான்.

திரும்பியபோது ரூபா பெஞ்சில் இருந்தாள். முதல் மாத்திரை போட்டாகிவிட்டது. மணி பன்னிரண்டே கால்.

"இன்னும் இருபத்தேழு நாள் துன்னணுமாம் மாமா."

"ம்."

"அம்மா இங்க எழுதறதுக்கு மட்டும் புருஷன்னு சொல்லச் சொல்லல. அக்கா எடத்துல என்னை குந்தவெச்சிட்டா எல்லாம் மூடிக்கும்னு நெனச்சிக்கினு கீது."

அது அவனுக்கும் தெரியும். செல்லை எடுத்து மாமியாரைக் கூப்பிட்டான்.

"அத்தை, அக்கா புருஷன்னு எழுதியாச்சு."

"ஏன் மாப்ள?"

"நான் அதுதான். வேற ஒண்ணும் ஆக மாட்டேன்."

செங்கம்மா பேசிக்கொண்டே போனாள். அவன் வைத்துவிட்டான்.

உள்ளேயிருந்து நர்ஸ் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். ரூபா எழுந்தாள்.

"நீ உள்ள வரவேணாம் மாமா. போயிடவும் போயிடாத."

அவன் உட்கார்ந்தான்.