நாலு வார்க் கடிவாளம்

எர்ணாவூர்க் கடற்கரையில் மணல் இருந்த காலம் அது. இப்போது போய்ப் பார்த்தால் கரை நெடுகக் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள், கால் வைக்க இடம் கிடையாது. அந்த மணலில்தான் தொண்ணூற்றொன்பதாம் வருஷம் ரமாபாய் குதிரை ஓட்டக் கற்றுக்கொண்டாள். பத்து வருஷம் ஓடிவிட்டது. இன்றைக்கும் ஷேர் ஆட்டோவில் அந்தப் பக்கம் போனால் கடலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். பக்கத்தில் இருப்பவர்கள் காற்றுக்காக என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஏப்ரல் மாதம் அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளுக்குக் குடியிருப்பிலிருந்து திருவொற்றியூர் சிலை வரைக்கும் ஊர்வலம் போகும். முன்னால் நீலத் தலைப்பாகையோடு குதிரைமேல் ஓர் ஆள். ஆளுக்கு ஒரு பக்கமாக ரெண்டு பேர் குதிரையின் வாயைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள். மேலே இருப்பவர் ஒரு கையால் சேணத்தை இறுகப் பிடித்துக்கொண்டு மறு கையை ஆட்டுவார். கல்யாணத்தில் மாப்பிள்ளையைக் கூட்டிப்போகிற அதே முறைதான். எங்கள் பக்கத்தில் குதிரை என்றால் யாராவது பிடித்துக்கொள்ள வேண்டிய பொருள்.

அந்த வருஷம் கமிட்டிக் கூட்டத்தில் ரமாபாய் எழுந்து, இந்த முறை ஒரு பெண் போகட்டும் என்றாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை செய்கிறவள், ரெண்டு பிள்ளைகளுக்குத் தாய். தலைவர் கிருஷ்ணப்பன் அவளுக்குச் சித்தப்பா முறை, தங்கமான மனுஷர். உடனே ஒத்துக்கொண்டார்.

"ஏறிக் குந்திக்கோம்மா. ரெண்டு பக்கமும் நாங்க கெட்டியா புடிச்சிக்கிறோம்."

"குந்திகினு வர்றதுக்கு ஒரு பொம்மைய வச்சிடு சித்தப்பா. நான் ஓட்டிகினு வருவேன். கடிவாளத்துல ஒரு ஆளு கை வைக்கக் கூடாது. வச்சா அங்கியே எறங்கிடுவேன்."

கூட்டம் சிரித்தது. அதுவரைக்கும் அவள் கழுதைமேல்கூட ஏறியதில்லை. வாய் முந்திக்கொண்டது, சொன்னது சொன்னதுதான். சிலை வரைக்கும் தானே ஓட்டிப் போகாவிட்டால் அந்தச் சிரிப்பு ஆயுசுக்கும் பின்னாலேயே வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

குதிரைக்குக் கவலையில்லை. அவள் தம்பி டில்லிபாபு கிண்டிப் பக்கம் ஒரு குதிரை லாயத்தில் வேலை பார்த்தவன். வயதாகிவிட்டது என்று அவர்கள் கழித்துவிட்ட ஒரு பெண் குதிரையை ஓட்டிக்கொண்டு வந்து, குடியிருப்புக்குப் பின்னால் தகரக் கொட்டாய் போட்டுக் கட்டியிருந்தான். லாயத்தில் வைத்த பெயர் டச்சஸ். எர்ணாவூரில் அது டச்சம்மா ஆகிவிட்டது.

கல்யாணங்களுக்குப் போகும்போது டச்சம்மாவுக்கு ஒரு கயிறு போதும். மேலே ஏறி ஓட்டுவதென்றால் மட்டும் கூடவே வந்த பழைய கடிவாளத்தை மாட்ட வேண்டும். அதில் வாய்க்குள் போகிற இரும்பு ஒன்றல்ல, ரெண்டு. ஒன்று மெல்லியது, நடுவில் மூட்டு வைத்தது. இன்னொன்று ஒரே கம்பி, ரெண்டு பக்கமும் நீண்ட காலும் தாடைக்கடியில் ஒரு சங்கிலியும் கொண்டது. இரும்புக்கு ரெண்டு வீதம் நாலு தோல் வார்கள். மெல்லிய இரும்பில் மாட்டியது மேல் வார், சங்கிலி இரும்பில் மாட்டியது கீழ் வார்.

"மேல் வாரு பேசறதுக்குக்கா," என்றான் டில்லிபாபு. "கீழ் வாரு சொம்மா கூட வர்றதுக்கு. அத இஸ்தேன்னு வச்சிக்கோ, சங்கிலி தாடைய நெரிச்சிடும். வாயில்லா ஜீவன், வலிச்சா இன்னா செய்யும்? பின்னால போவும். அப்பவும் வுடலன்னா எகிறும்."

மண்டையை ஆட்டிவிட்டு ஏறினாள். ஏறியதும் பயத்தில் நாலையும் சேர்த்து இறுக்கிப் பிடித்தாள். டச்சம்மா முகவாயை மார்போடு ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு அடியாகப் பின்னால் நடந்து, பின்னங்கால் அலையில் நனைகிற வரைக்கும் போய் நின்றது. டில்லிபாபு மணலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"இன்னாக்கா, கடல்ல ரிவர்ஸ் எடுக்கற?"

ஒரு வாரம் இதே கூத்துதான். தொடை ரெண்டும் தோல் உரிந்து எரிந்தது. விழவில்லை என்பதைத் தவிரப் பெருமைப்பட ஒன்றுமில்லை. கடைசியில் புத்தி வந்தது கம்பெனியில், தையல் மெஷின் முன்னால். அடியில் ஓடுகிற பாபின் நூலை இறுக்கிவிட்டால் மேல் நூல் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் தையல் சுருங்கும், துணி இழுத்துக்கொள்ளும். கீழ் நூல் அங்கே இருக்க வேண்டும், ஆனால் இழுக்கக் கூடாது. அட, இத்தனை நாள் இதைத்தானே செய்துகொண்டிருக்கிறோம் என்று தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

வீட்டில் பயிற்சி கொடுத்தவன் அறிவு. அவள் புருஷன், கண்டெய்னர் லாரி டிரைவர். துறைமுக வாசலில் வரிசையில் கிடந்து, கண்ணெல்லாம் சிவந்து வீட்டுக்கு வருவான். ஒரு நாளைக்கு அவன் பேசுகிற பேச்சைத் தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம். பெரியவர்கள் பார்த்துக் கட்டிவைத்த கல்யாணம். சண்டையும் கிடையாது, சொல்லிக்கொள்ளும்படி வேறெதுவும் கிடையாது. அவள் நாலு நாடாவை விரலிடுக்கில் கோத்துக்கொண்டு ஜன்னல் கம்பியோடு மல்லுக்கட்டுவதை ரெண்டு நாள் பார்த்தான். மூன்றாம் நாள் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்து, எதிரே உட்கார்ந்து, நாடாக்களின் மறுமுனையைத் தன் விரல்களில் சுற்றிக்கொண்டான்.

"இஸு. எது வலிக்குதுன்னு சொல்றேன்."

அவள் மேல் நாடாவை லேசாக இழுப்பாள். "இது சரி," என்பான். சுண்டுவிரல் தவறிக் கீழ் நாடா இறுகினால், "வலிக்குது." பிள்ளைகள் பக்கத்தில் புரண்டு சிரித்தன. அந்த மார்ச் மாதத்து ராத்திரிச் சாப்பாட்டு வேளைகளை ரமாபாய் இன்றைக்கும் ஆசையோடு நினைத்துக்கொள்வாள். வீட்டில் அப்போது ஃபேன்கூட ஒழுங்காகச் சுற்றாது.

மார்ச் முடிவதற்குள் டச்சம்மா அவள் விரலைக் கேட்க ஆரம்பித்தது. உர ஃபேக்டரி நாற்றமும் உப்புக் காற்றும் கலந்து அடிக்கிற காலை வேளையில், ஈர மணலில் காது ரெண்டையும் நிமிர்த்திக்கொண்டு அது நடக்கும். அவள் எதுவும் செய்யாத மாதிரி இருக்கும், குதிரை திரும்பும். கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்ட நாள்கூட உண்டு. அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள்.

ஊர்வல நாள் வந்தது. நீலத் தலைப்பாகை, வெள்ளைச் சுடிதார். "நான் கிட்ட இருந்தா நான்தான் ஓட்டுனேன்னு பேசுவானுங்க. பேஜாரு," என்று சொல்லிவிட்டு டில்லிபாபு ஊர்வலத்தின் கடைசியில் வந்த டிராக்டரோடு தங்கிவிட்டான். டிரம் செட்டுக்குப் பின்னால் டச்சம்மா அழகாக நடந்தது. மாடிகளிலிருந்து பெண்கள் கையசைத்தார்கள். ரமாபாய் பதிலுக்கு அசைக்கவில்லை, கை வேலையாக இருந்தது.

எண்ணூர் நெடுஞ்சாலையில் திரும்பியதும் யாரோ உற்சாகத்தில் சரவெடியைக் கொளுத்திக் குதிரைக்கு முன்னாலேயே போட்டுவிட்டார்கள். டச்சம்மா துள்ளியது. அவ்வளவுதான், பழக்க தோஷம் கிளம்பிவிட்டது. நாலு வார் தொங்கினால் ரெண்டு மேலே இருப்பவருக்கு, ரெண்டு பிடித்து இழுப்பவருக்கு என்றுதான் எங்கள் ஜனம் நினைக்கும். கிருஷ்ணப்பன் ஒரு பக்கம் பாய்ந்து கீழ் வாரைப் பிடித்துத் தொங்கினார். மறு பக்கம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து அதே கீழ் வாரைப் பிடித்தவன் அறிவு.

சங்கிலி நெரித்தது. டச்சம்மா வாயைப் பிளந்துகொண்டு பின்னால் போனது. பிடித்தவர்கள் இன்னும் இறுக்கினார்கள். முன்னங்கால் ரெண்டும் தரையை விட்டுக் கிளம்பின. தலைப்பாகை சரிந்து கண்ணை மறைத்தது. பிடரிமயிரைப் பற்றிக்கொண்டு எப்படியோ உட்கார்ந்திருந்தாள். கால்கள் தரையில் விழுந்ததும் குனிந்து பார்த்தாள்.

"அறிவு, வுடு."

தெருவில் வைத்துப் புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கத்தவில்லை. "கீழ் வாரு. அதுக்கு வலிக்குது."

அவன் நிமிர்ந்து பார்த்தான். முகம் பயத்தில் வெளுத்திருந்தது. இவளுக்காக இந்த ஆள் இவ்வளவு பயப்படுவான் என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. பின்னாலிருந்து கூட்டம், "புடிப்பா, வுட்றாத, பொம்பள வுழுந்துடுவா," என்று கூவிற்று.

அறிவு விட்டான். விட்டுவிட்டு மறு பக்கம் போய்க் கிருஷ்ணப்பனின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். "வுடு மாமா."

ரமாபாய் கீழ் வாரை நழுவவிட்டு, மேல் வாரைத் தொட்டும் தொடாமலும் வைத்துக்கொண்டாள். டச்சம்மா நடுங்கியபடி நின்றது. மூச்சை ஊதித் தலையை உதறியது. பிறகு ஓர் அடி முன்னால் வைத்தது. கூட்டம் மறுபடி கையை நீட்டிக்கொண்டு நெருங்கியது.

அறிவு குதிரைக்கு முதுகைக் காட்டி நின்று ரெண்டு கையையும் விரித்தான்.

"யாரும் கிட்ட வராதீங்க. அவ ஓட்டுவா."

அப்படியே நடந்தான். இப்போதுதான் எகிறிக் குதித்த மிருகம் பின்னால் வருகிறது, அதன் மூச்சு அவன் பிடரியில் படுகிறது. விரித்த கையை இறக்காமல் சிலை வரைக்கும் கூட்டத்தை விலக்கிக்கொண்டே போனான். ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சிலைக்கு மாலை போட்டது, பேச்சு, கைதட்டல் எதுவும் அவளுக்குச் சரியாக ஞாபகமில்லை. வியர்வையில் நனைந்த அந்த வெள்ளைச் சட்டை முதுகுதான் ஞாபகம். ரெண்டு பிள்ளை பெற்ற பிறகு, எண்ணூர் நெடுஞ்சாலையில், குதிரைமேல் உட்கார்ந்துகொண்டு, ரமாபாய் தன் புருஷனைக் காதலிக்க ஆரம்பித்தாள்.