பிந்தி வந்த தடுப்பு

குன்சுலு மறுபடியும் தோற்றாள். அல்மாட்டி நகரத்தில், அலுவலகத் திரையில் அந்தச் சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்த ஸாவ்ரே எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள்.

‘ஏழு கணவாய்’ என்ற இணைய விளையாட்டில் சண்டைகள் எப்படி நடக்க வேண்டும் என்று வகுப்பது ஸாவ்ரேயின் வேலை. ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே உலகத்துக்குள் ஆளுக்கொரு வேடத்தில் உலவுவார்கள், அணி சேர்வார்கள், கோட்டை பிடிப்பார்கள். பழைய முறையில், அதிக காலம் ஆடியவருக்கு லெவல் ஏறிக்கொண்டே போகும். லெவல் ஏறியவர் தூங்கி வழிந்தாலும் புதிதாக வந்தவரால் அவரை ஒரு கீறல்கூடக் கீற முடியாது. ஸாவ்ரேக்கு அதில் தீராத எரிச்சல். “பொழுது போக்கினதுக்கெல்லாம் வீரப் பட்டமா?” என்று கேட்டுக் கேட்டே முதலாளி கைசாரை வழிக்குக் கொண்டுவந்தாள். அவள் வகுத்த புது முறையில் எல்லோருக்கும் ஒரே பலம். வெட்ட வரும் எதிராளியின் தோள் லேசாக உயரும். அந்த இமைப்பொழுதுக்குள் பொத்தானை அழுத்தினால் அவன் வாள் தடுக்கப்பட்டு அவன் தடுமாறுவான். பிந்தினால் வெட்டு விழும். அவ்வளவுதான், கையும் கண்ணும்.

வெள்ளோட்டம் முழுக்க அல்மாட்டியில்தான் நடந்தது. ஆடிப் பார்த்த பையன்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். நாடு முழுக்க வெளியிட்ட பிறகுதான் குன்சுலு தோற்க ஆரம்பித்தாள்.

குன்சுலு தொலைதூரத்துச் சிற்றூரான கஸாலியில் மருந்துக்கடை வைத்திருப்பவள். ஸாவ்ரே வெறும் ஆட்டக்காரியாக இருந்த காலத்தில் அவளுடைய அணித் தலைவி. நேரில் பார்த்ததில்லை, ஹெட்போனில் கேட்ட குரல்தான். “என் முதுகுக்குப் பின்னாடி வந்துரு புள்ள” என்று அந்தக் குரல் சொன்னால், எந்தக் கோட்டையிலும் பயமில்லாமல் நுழையலாம். இப்போது அவளை நேற்று வந்த பொடியன்கள் வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள்.

போன் அடித்தது.

“என்னடி பண்ணி வச்சிருக்க? மீசை முளைக்காதவனெல்லாம் என்னைப் போட்டு மிதிக்கிறான்!”

“பழகணும்க்கா. தோளைப் பாருங்க. அது அசையும்போதே...”

“பாத்துட்டுதான் அமுக்குறேன். கண்ணு நல்லாத்தான் இருக்கு.”

“இல்லக்கா, நீங்க பிந்துறீங்க. இங்க பதிவாகுதே.”

“அப்ப நான் புளுகுறேனா?”

“அப்படிச் சொல்லல. வயசாக ஆக கை கொஞ்சம்...” சொல்லும்போதே ஸாவ்ரே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

 மறுமுனையில் குன்சுலு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதற்கு வசவு கேட்டிருக்கலாம்.

“சரிம்மா. கிழவிக்கு மாத்திரை எண்ணுற வேலையே போதும்.”

அதோடு அவள் ஆட்டத்துக்கு வருவதை நிறுத்தினாள். அவளுக்குப் பின்னால் அணியில் பாதிப் பேரும் போனார்கள்.

ஸாவ்ரேக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. அலுவலகக் கணினியில் தடுத்துத் தடுத்துப் பார்த்தாள், ஒவ்வொரு தடுப்பும் கச்சிதமாக விழுந்தது. தன் கணக்கு சரி என்று தெரிந்ததும் நிம்மதி வரவேண்டும், வரவில்லை. பக்கத்து மேசையில், ஆட்டத்தை நடத்தும் சர்வர் கணினியைக் கவனிக்கும் மர்லேன் ஹெட்போனைக் கழற்றினான்.

“ஒரு இடத்துல உக்காரேன் தாயே. நீ நடக்கிற நடையில எனக்குத் தலை சுத்துது.”

அவள் உட்காரவில்லை. லீவு சொல்லிவிட்டு ரயில் ஏறினாள்.

கஸாலியில் மணல் காற்று பல்லுக்குள் நறநறத்தது. கதவைத் திறந்த குன்சுலு, அந்தக் கனத்த குரலுக்குப் பொருந்தாத குட்டை உருவம், மூக்கு நுனியில் கண்ணாடி. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

“நீதானா? உன் குரலைக் கேட்டு நீ ஆறடி இருப்பேன்னு நினைச்சேன். உள்ள வா, முதல்ல டீ.”

பால் விட்ட டீ ஒரு கிண்ணம் முடிவதற்குள் அடுத்தது வந்தது. எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை, பவுர்சாக், நிறைந்த தட்டை ஸாவ்ரேயின் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தாள் குன்சுலு. ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மேசைக்கு அடியில் ஸாவ்ரேயின் முழங்கால் ஓயாமல் ஆடியது.

“அக்கா, உங்க கம்ப்யூட்டர்ல நான் ஒரு தடவை ஆடிப் பாக்கட்டுமா?”

“உன் ஆட்டம்தானே. ஆடு.”

ஸாவ்ரே போன் செய்து, அல்மாட்டியிலிருந்த மர்லேனை எதிராளியாக வரச் சொன்னாள். அலுவலகத்திலேயே அவனைவிட மோசமான ஆட்டக்காரன் கிடையாது. அவன் தோள் உயர்ந்தது, அவள் அழுத்தினாள். வெட்டு விழுந்தது. மறுபடி உயர்ந்தது, இன்னும் சீக்கிரம் அழுத்தினாள். அப்போதும் வெட்டு. ஆட்டத்துக்கு ஆட்டம் அவள் உடல்தான் மண்ணில் கிடந்தது.  மறுபடி போனை எடுத்தாள்.

“மர்லேன், அங்க எதையாவது மாத்தினியா?”

“நான் எதையும் தொடல. நீதான் பிந்துற.”

அவளுக்குக் காது சூடாகியது. முதுகுக்குப் பின்னால் குன்சுலு மெல்லக் கேட்டாள்: “ஏம்மா, உனக்கும் வயசாயிருச்சா?”

அப்போதுதான் ஸாவ்ரேக்கு உறைத்தது. இந்த ஊர் இணைப்பில் மர்லேனின் தோள் உயர்வதே பிந்தித்தான் திரைக்கு வருகிறது. அவள் அழுத்தியது அல்மாட்டிக்குப் போய்ச் சேர இன்னும் பிந்துகிறது. அங்கே இருக்கும் சர்வர், அழுத்தம் வந்து சேர்ந்த நேரத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறது. எல்லோருக்கும் ஒரே பலம் என்று அவள் பெருமையடித்தது அல்மாட்டிக்காரர்களுக்கு மட்டும்தான்.

“மன்னிச்சிருங்கக்கா. போன்ல நான் பேசினது...”

“மன்னிப்பு இருக்கட்டும், கறி ஆறுது. வந்து சாப்பிடு.”

திரும்பி வந்ததும் கைசாரின் அறைக்குள் பையைக்கூட இறக்காமல் நுழைந்தாள்.

“அண்ணா, தடுக்கிறவங்க தங்களோட திரையில என்ன பாத்தாங்களோ, அதை வச்சுத்தான் இனிமே தீர்ப்பு.”

“அல்மாட்டியில ஒருத்தனும் குறை சொல்லலையே ஸாவ்ரே.”

“அவன் ஏன் சொல்றான்? அவன்தானே ஜெயிக்கிறான்!”

பின்னாலேயே வந்த மர்லேன் மறுப்பாகத் தலையாட்டினான். “நாம இதுக்கு இறங்கிப்போனா, வேணும்னே லைனை மெதுவாக்கி ஏமாத்துறவன் வருவான்.”

“அப்ப எவ்வளவு பிந்தலாம்னு ஒரு எல்லை வைப்போம். அதுவரைக்கும் நம்புவோம்.”

“எல்லைக்கு அப்பால இருக்கிறவன்?”

ஸாவ்ரே அப்போதுதான் பையைத் தோளிலிருந்து இறக்கினாள். கைசார், செய்து பாருங்கள் என்றார்.

மாற்றம் வெளியானதும் அல்மாட்டியின் சூரர்கள் கொதித்தார்கள். ‘என் வாள் உடம்புக்குள்ளே போனது, அவன் விழவில்லை, இதென்ன மாயம்?’ என்று புகார்கள் குவிந்தன. அவர்கள் சொன்னதும் பொய்யில்லை. அவர்களுடைய திரையில் அப்படித்தான் தெரிந்தது. ஒருவனுடைய நியாயத்தைப் பிடுங்கித்தான் இன்னொருவனுக்குக் கொடுத்தோமோ என்ற நினைப்பு, அவள் சாப்பிடும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் அரித்தது.

வசந்தம் முடியும் சமயத்தில் குன்சுலுவின் பெயர் மறுபடி திரையில் வந்தது. எதிரே ஒரு பொடியன். ஸாவ்ரே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். குன்சுலு தடுத்தாள், அவன் தடுமாறினான், அவள் வெட்டினாள். அவனும் தடுத்தான். கடைசியில் அவன் தோளை உயர்த்துவதுபோல் போக்குக் காட்டிவிட்டு நிறுத்தினான். குன்சுலு அவசரப்பட்டு முந்தியே தடுப்பை அழுத்திவிட்டாள். அடுத்து வந்த நிஜ வெட்டில் விழுந்தாள்.

ஸாவ்ரேயே போன் செய்தாள். “அக்கா...”

“என்னடி இழவு வீட்டுக் குரல்? இந்தத் தடவை நானேதான் தோத்தேன். பய என்னமா ஏமாத்தினான் பாத்தியா!” குன்சுலு வாய்விட்டுச் சிரித்தாள். “அவன் யாருன்னு கண்டுபிடி. வேற எவனும் கொத்திட்டுப் போறதுக்குள்ள நம்ம அணிக்கு இழுக்கணும்.”

ஸாவ்ரேக்கும் சிரிப்பு வந்தது. போனை வைத்துவிட்டுத் திரும்பினால், புதுப் புகார் ஒன்று வந்து நின்றது. இன்னும் தொலைவிலுள்ள ஊரான ஸைசானிலிருந்து யாரோ ஒரு பெண் எழுதியிருந்தாள்: ‘தோள் உயரும்போதே அழுத்துகிறேன். ஆனாலும் வெட்டு விழுகிறது.’ ஸாவ்ரே அவளுடைய இணைப்பைப் பார்த்தாள். எல்லைக்குக் கொஞ்சம் அப்பால்.

அவள் எழுந்து நடக்க ஆரம்பித்தாள். மர்லேன் ஹெட்போனைக் கழற்றினான்.