பெரிஸ்கோப்பில் தெரிந்த மஞ்சள் வீடு

எங்கள் நீர்மூழ்கிக் கப்பலின் போர்க்கால வரலாற்றை எழுதியவர்கள் அந்த மார்ச் மாதப் பயணத்தை ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்: எதிரிக் கப்பல் எதையும் மூழ்கடிக்கவில்லை. படித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எழுதிய மகராசன் எவனும் எங்களோடு கடலுக்கடியில் மூச்சு முட்டிக் கிடந்ததில்லை.

நார்வேயை ஜெர்மன்காரன் பிடித்துக்கொண்டதால், ஸ்காட்லாந்தின் டண்டீ துறைமுகத்திலிருந்து சொந்த நாட்டுக் கரைக்கே திருட்டுத்தனமாகப் போய் வந்துகொண்டிருந்தோம். என்னோடு டார்பிடோ அறையில் இருந்த ஆர்ன்ஃபின்னுக்கு அந்த முறை சாப்பாடே இறங்கவில்லை. அவன் ஊரைக் கொளுத்திவிட்டார்கள் என்று டண்டீயில் யாரோ சொல்லியிருந்தார்கள். மனைவி குன்வோரைப் பிரிந்து மூன்று வருடம் ஆகப்போகிறது, கடிதம் கிடையாது. நாங்கள் எதிரிக் கப்பலுக்காகப் பதுங்கிக் கிடந்ததோ, மலைகளுக்கிடையே கடல் உள்நுழையும் அவன் ஊர் ஃபியோர்டிலேயே.

கப்பல் வரவில்லை. திரும்பும் நேரத்தில் ஆர்ன்ஃபினையும் இழுத்துக்கொண்டு கேப்டன் ஹெக்ஸ்டாட்டிடம் போய் நின்றேன்.

"கேப்டன், இவன் ஊர் இருக்கா இல்லையான்னு ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க. இல்லேன்னா டார்பிடோவுக்கு முன்னாடி இவன் வெடிச்சிருவான்."

"கடல் அலையில்லாம கிடக்கு. பெரிஸ்கோப்பை நீட்டினா கரையில நிக்கிற காவல்காரன் பாத்துருவான். போய் வேலையைப் பாரு."

சொல்லிவிட்டுத் தாடியைச் சொறிந்துகொண்டே நின்றார். பிறகு கையை உயர்த்தினார். பெரிஸ்கோப் தண்ணீருக்கு மேலே ஏறியது; அதில் கண்ணை வைத்தார்.

"ஊர் இருக்கு. தேவாலயத்துக்குக் கீழ மஞ்சள் வீடா?"

"ஆமாங்க!" என்றான் ஆர்ன்ஃபின்.

"படகுத்துறையில ஒருத்தி மீன் அறுத்துட்டிருக்கா."

"எந்தக் கையால?"

"நான் என்ன பொண்ணு பாக்கவா வந்திருக்கேன்? இடது கை."

"குன்வோர்தான்!" ஆர்ன்ஃபின் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"பக்கத்துல ஒரு சின்னது நிக்குது. ரெண்டு ரெண்டரை வயசிருக்கும்."

ஆர்ன்ஃபின் ஊரைவிட்டுக் கிளம்பும்போது குன்வோர் மாசமாக இருந்தாள். குழந்தை பிறந்ததா, பிழைத்ததா, எதுவுமே அவனுக்குத் தெரியாது.

பெரிஸ்கோப்பை யாருக்கும் விட்டுக்கொடுக்காத அந்த மனிதர் ஒதுங்கி நின்றார். "நீயே பாரு. சட்டுனு."

அவன் கண்ணை வைத்தான்.

"பையனா, பொண்ணா? சொல்லித் தொலைடா!" என்றேன்.

"ஒண்ணுமே தெரியலடா. எல்லாம் கலங்கலா இருக்கு."

கேப்டன் பெரிஸ்கோப்பை இறக்கச் சொல்லவில்லை. கழுத்தில் கிடந்த துண்டை உருவி நீட்டினார். "கண்ணைத் தொடச்சுட்டுப் பாருடா, கழுதை."

துடைத்துவிட்டுப் பார்த்தான்.

"பையன்! ஓடுறான்... ஐயோ, விழுந்துட்டான்."

நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"எந்திரிச்சுட்டான். மறுபடியும் ஓடுறான்!"