மலைக்கு அனுப்பிய சரக்கு

"அக்கா, பதறாத. உயிருக்கு ஒண்ணும் ஆகல" என்று தம்பி பேச்சை ஆரம்பித்தபோதே அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள். முந்தின நாள் மாலை மழையில், அவன் குடியிருக்கும் மலையூரில், அவனுடைய வாடகைக் கார் ஓர் இறக்கத்து வளைவில் சறுக்கி, ரோட்டோரத் தடுப்புச் சுவரில் போய் இடித்திருந்தது. வண்டியில் பயணிகள் இல்லை. தைத்து முடித்த சீருடைகளைக் கீழே இருக்கும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள், அவனும் அவன் மனைவியும். அவனுக்கு நெற்றியில் சிராய்ப்பு. மனைவிக்கு மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. "வலது கை, அக்கா" என்றான். அவன் மனைவி தையல்காரி. வீட்டுக்கு நிலையாக வந்துகொண்டிருந்த வருமானமே அந்தக் கையிலிருந்துதான்.

"டயர் எப்படிடா இருந்துச்சு?" என்று கேட்டாள். எடுத்த எடுப்பில் ஏன் அதைக் கேட்டோம் என்று அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது.

"டயருக்கு என்னக்கா? இப்பதானே நாலையும் மாத்தினேன். உங்க கம்பெனிதான். அது மேல பழி போட முடியாது. நான்தான் வேகமா வந்திருப்பேன்."

வந்திருப்பேன் என்றான். வந்தேன் என்று சொல்லவில்லை. போனை வைத்த பிறகும் அந்தச் சொல் அவள் காதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

டயர் கம்பெனியின் கிடங்கில் அவளுக்கு வேலை. எந்தச் சரக்கு எந்த ஊருக்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புவது. அதனால் அலுவலகத்தில் அவளுக்கு 'ரேஷன் மேடம்' என்று பெயர். நகரத்துக் கடைகளுக்குப் பழைய சரக்கை அனுப்ப முடியாது. அங்கே சோதனைக்கு ஆள் வருவார்கள். டயரின் பக்கவாட்டில் பதித்திருக்கும், அது செய்யப்பட்ட வாரத்தையும் வருடத்தையும் வாங்குகிறவர்களே குனிந்து பார்ப்பார்கள். ஈர ரோட்டில் பிடிப்பதற்கென்றே வந்திருக்கும் மெத்தென்ற புது வகையைப் பெயர் சொல்லிக் கேட்பார்கள். மலைப்பக்கம் அப்படியில்லை. ஊருக்கு ஒரு கடை. சோதனை கிடையாது, கேள்வி கிடையாது. ஆகவே கிடங்கின் பின்பக்கம், வெயில் விழும் தகரச் சுவரை ஒட்டி வருடக்கணக்காய்க் கிடந்து இறுகிப்போனதெல்லாம், துடைத்துப் புது ஸ்டிக்கர் ஒட்டி மலைக்குப் போனது. அதே பெயர், அதே வார்ப்பு. பார்த்தால் புதுசுதான். அப்படி அனுப்புவதற்கு அலுவலகத்தில் 'மலையேத்துறது' என்று சொல்வார்கள். அந்தச் சொல்லை முதலில் சொன்னதே அவள்தான். ஒரு கூட்டத்தில், தேங்கிய சரக்கை என்ன செய்வது என்று மேலாளர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, "மலையேத்திடுவோம் சார்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு நமத்துப்போன பிஸ்கட்டைப் பார்த்தாலும், ஓய்வுபெறும் வயதில் இருக்கிற அதிகாரியைப் பார்த்தாலும் மலையேத்திடலாமா என்று கேட்கிற அளவுக்கு அந்தச் சொல் பிரபலமாகிவிட்டது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பஸ் வளைந்து வளைந்து ஏறியபோது ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு, தம்பி டயர் மாற்றுவதற்கு முன்னால் போன் செய்ததைத் திரும்பத் திரும்ப நினைத்தாள். "மழைக்குன்னே ஒரு டயர் வந்திருக்காமேக்கா, இங்க கடையில கேட்டா அப்படி ஒண்ணு வரவே வராதுங்கிறாரு. நீ நாலு வாங்கி பஸ்ல போட்டுவிடேன்" என்று கேட்டிருந்தான். முடியாத காரியமில்லை. ஒரு வட்டாரத்துச் சரக்கு இன்னொரு வட்டாரத்துக்குப் போகக் கூடாது என்று விதி இருந்தது; மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டால் தலையாட்டியிருப்பார். கேட்க அவளுக்குச் சங்கடமாக இருந்தது. 'ஏன், உங்க தம்பிக்கு மலைச் சரக்கு ஆகாதோ?' என்று யாராவது சிரித்துவிட்டால்? "அதெல்லாம் நகரத்து ரோட்டுக்குடா. அங்க வர்றதே போதும். கல்லு மாதிரி உழைக்கும்" என்று சொல்லிவிட்டாள். யோசிக்காமல் வாயில் வந்த வார்த்தை என்று பஸ்ஸில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த வளைவிலேயே அது பொய் என்று தெரிந்தது. கல் என்று அவள் தெரிந்தேதான் சொன்னாள்.

இரண்டு அறை வீடு. ஜன்னலோரம் தையல் மிஷின், ஊசிக்கடியில் பாதி ஓடிய நீலத்துணி அப்படியே நின்றிருந்தது. பக்கத்தில் நாற்காலி நிறைய வெட்டி வைத்த துணிகள். தம்பியின் மனைவி கட்டிலில் சாய்ந்திருந்தாள். விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிய முழங்கை வரை மாவுக்கட்டு. இவளைப் பார்த்ததும் எழப்போனாள். "படுத்திரு, படுத்திரு" என்று தோளைப் பிடித்து அமர்த்தினாள். மடக்க முடியாமல் வீங்கிய அந்த விரல்களைப் பார்க்காமலிருக்க, தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குப் போனாள். அங்கே அம்மா இருந்தாள்.

அம்மா மகனைத் திட்டுவதற்கு ஆள் பார்த்துக் காத்திருந்தவள்போல ஆரம்பித்தாள். "இவனுக்கு எப்பவும் அவசரம். பிறந்ததே குறை மாசத்துல. மழையில என்ன பறக்கிற வேகம்? தெருவே காறித் துப்புது. ஒரு வயித்துல பிறந்ததுங்கதானே ரெண்டும், உன்னோட பொறுப்புல கால்வாசி இவனுக்கு இருந்தா போதாதா?"

தம்பி வாசல்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். திரும்பவில்லை. பின்கழுத்து மட்டும் சிவந்தது.

"விடும்மா" என்றாள்.

"உனக்கு எப்பவும் அவனுக்குப் பரிஞ்சு பேசியே பழக்கம்" என்று அம்மா அவள் கையில் டீயைக் கொடுத்தாள். நல்ல டம்ளர், விருந்தாளிக்கு எடுப்பது. அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். வாய் வரை கொண்டுபோக முடியவில்லை.

மறுநாள் காலையில் தம்பி அவளைப் பட்டறைக்குக் கூட்டிப்போனான். வழியில் கடை வாசலில் நின்றவர்கள் அவனைப் பார்த்ததும் பேச்சைக் குறைத்தார்கள். இனி ஸ்டியரிங்கைத் தொடப்போவதில்லை, வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு மரக்கடையில் மூட்டை ஏற்றப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே நடந்தான். கார் ஒரு பக்கம் முகம் நசுங்கி, ஒற்றைக் கண்ணோடு நின்றது. மெக்கானிக் கையைத் துடைத்தபடி வந்து, "டயரப் பாருங்க, தேயவே இல்ல, பள்ளமெல்லாம் அப்படியே இருக்கு. பிரேக்கும் சரியா இருக்கு. அப்ப என்ன அர்த்தம்?" என்று தம்பியைப் பார்க்காமல் சொன்னார். தம்பி தலையை ஆட்டினான். தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்வதுபோல, "என் அக்கா சொல்லி வாங்கின டயருண்ணே. கல்லு மாதிரி உழைக்கும்" என்றான்.

அவள் சேலையைச் சுருட்டிக்கொண்டு முன்சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பக்கவாட்டில் காய்ந்திருந்த சேற்றைக் கட்டைவிரலால் தேய்த்தாள். வருடம் தெரிந்தது. தம்பிக்குக் கல்யாணமான வருடம் அது. அந்த வருடம் செய்த டயரை, அவன் மகள் பள்ளிக்கூடம் போகிற வயதில், புதுசு என்று வாங்கி மாட்டியிருக்கிறான். ரப்பரில் நகத்தை வைத்து அழுத்தினாள். கொஞ்சமும் அமுங்கவில்லை. நகம்தான் வளைந்தது. கோடைக்கு முன்னால் தகரச் சுவரோரம் காலி செய்த அடுக்கு அவள் கண்ணில் வந்து நின்றது. அனுப்பு என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அன்று சீக்கிரமே வீட்டுக்குப் போனதுகூட நினைவுக்கு வந்தது.

திரும்பி நடக்கும்போது, ஆள் நடமாட்டம் இல்லாத ஓர் இடத்தில் நின்று சொன்னாள். கோர்வையாக வரவில்லை. பழைய டயர் என்றாள், இறுகிப்போய்விட்டது என்றாள், நகரத்தில் விற்க முடியாததைத்தான் இங்கே அனுப்புகிறோம், நான்தான் அனுப்பினேன் என்றாள். தம்பி குறுக்கிடாமல் கேட்டான். கேட்டு முடித்ததும் அவன் முகம் இளகியது. அவள் கொஞ்சமும் எதிர்பாராத விதமாகச் சிரித்தான்.

"சின்ன வயசுல நான் கண்ணாடிய உடைச்சப்பவும் நீ உடைச்சதா அம்மாகிட்ட சொன்ன" என்றான். "போதும்க்கா. என் பழியெல்லாம் நீ தலையில தூக்கிப் போட்டுக்காத. தெரிஞ்சே நீ எனக்கு அப்படி ஒரு டயரக் கொடுப்பியா?"

அவளுக்கு அவன் முகத்தைப் பார்க்கத் திராணியில்லை. கொடுத்தேன்டா என்று சொல்ல வேண்டும்.  அவனோ அவள் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, ஈரத்தில் வழுக்கும், பார்த்து வா என்று முன்னால் நடந்தான். அவன் திட்டியிருந்தால், கையை ஓங்கியிருந்தால்கூட நிமிர்ந்து நின்றிருப்பாள். அந்தக் கைப்பைதான் அவளைக் குறுக வைத்தது.

மத்தியானம் அவன் தமாஷ் சொல்வதுபோல அதை மனைவியிடம் சொன்னான். "இவங்க என்னைக் காப்பாத்தப் பாக்கிறாங்க, கேட்டியா?" என்றான். மனைவி சிரிக்கவில்லை. இடது கையால் தட்டில் இருந்ததைத் துழாவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து இவளையே பார்த்தாள். மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவர அவன் கிளம்பிப் போகிறவரை அந்தப் பார்வை நகரவில்லை.

"அண்ணி."

"சொல்லும்மா."

"அவரு வேகமாப் போகல. நான் பக்கத்துலயே இருந்தேன். பிரேக்க மிதிச்சாரு, வண்டி கேக்கல. நேத்துலேர்ந்து சொல்றேன், அவரத் தேத்துறதுக்காகச் சொல்றேன்னு நினைச்சுக்கிறாரு." மூச்சு வாங்கினாள். "நீங்க சொன்னது நிஜம்தானே?"

"நிஜம்தான்."

அழுவாள், கத்துவாள் என்று அவள் காத்திருந்தாள். தையல்காரி மாவுக்கட்டை மடியில் சரிசெய்து வைத்துக்கொண்டாள். "என் கைய விடுங்க. ஆறினா ஆறுது. அந்த டயரு இந்த ஊர்ல இன்னும் யார் யாரு வண்டியில இருக்கு அண்ணி?"

அவள் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் இறங்கித் தெருவில் நடந்தாள்.

டயர் கடை பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்தது. கடைக்காரரிடம் அவள் போனில் மட்டும்தான் பேசியிருக்கிறாள். யார் என்று சொன்னதும் மனிதர் பரபரத்துப்போய் நாற்காலியைத் துடைத்தார். "நம்ம ரேஷன் மேடமா! உக்காருங்க, உக்காருங்க. நேத்துதான் உங்க லோடு வந்திச்சு" என்றார். சுவரோரம் புது ஸ்டிக்கர் மின்ன டயர்கள் அடுக்கியிருந்தன. விபத்தைச் சொல்லித் தம்பியின் போன் வருவதற்கு முந்தின வாரம் அவள் அனுப்பியவை. வாசலில் ஒரு பள்ளிக்கூட வேன் ஜாக்கியில் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. முன்சக்கரத்தைக் கழற்றியாயிற்று. தொப்பையும் தலைப்பாகையுமாக வேன்காரர் பக்கத்தில் நின்று மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத மாட்டாதீங்க" என்றாள்.

கடைக்காரருக்குப் புரியவில்லை. "எத மேடம்?"

"இந்த லோடுல வந்தது எதையும் மாட்டாதீங்க. எல்லாம் பழசு. ரப்பர் செத்துப்போச்சு. மழையில பிடிக்காது."

கடைக்காரரின் சிரிப்பு மெல்ல வடிந்தது. டயர்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "மேடம், நீங்க எத அனுப்புறீங்களோ அதத்தானே நான் விக்கிறேன்? வேற என்ன இருக்கு எங்கிட்ட?"

வேன்காரர் பக்கத்தில் வந்தார். "என்னம்மா சொல்றீங்க? கழட்டின டயரப் பாருங்க, சொட்டைத் தலை மாதிரி இருக்கு. காலையில பிள்ளைங்கள ஏத்தணும். அதுவும் ஆகாது இதுவும் ஆகாதுன்னா எதுல ஓட்டுறது? முதல்ல நீங்க யாரு?"

கடைக்காரர் அதை அவளுக்கே விட்டுவிட்டார்.

கடை ஆள் உள்ளேயிருந்து ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தான். பேச்சு அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவள் இரண்டு கையையும் நீட்டி அதைத் தடுத்தாள். நினைத்ததைவிடக் கனமாக வந்து முழங்காலில் மோதியது. சாயாமலிருக்க அதைத் தொடையோடு அணைத்துப் பிடித்தாள்.

"இத இங்க அனுப்பினவ" என்றாள். "பழசுன்னு தெரிஞ்சே அனுப்பினவ."

தெருவில் போன யாரோ நின்றார்கள். வேன்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் ஒரு கையால் டயரைப் பிடித்தபடி மறுகையால் போனை எடுத்து மேலாளரின் எண்ணை அழுத்திக் காதில் வைத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மழை முதலில் வேனின் கூரையில் விழுந்தது. பிறகு, சக்கரம் இல்லாமல் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்த இரும்பில் விழுந்து, துருவோடு சேர்ந்து கீழே சொட்டத் தொடங்கியது.