ஐஸ் கூடத்துக்கு ஒரு சர்வர்

காற்றுக்குப் பயந்து கப்பலை நிறுத்துவதற்கு முந்தின நடையிலேயே தீவுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். அதற்காக என்னை நானே மெச்சிக்கொண்டும் இருந்தேன். மறுநாள் காலை காற்று பிடித்துக்கொண்டது. அக்கரையில் ஸ்ஃபாக்ஸ் துறைமுகத்திலிருந்து எதுவும் வரவில்லை, இங்கிருந்து எதுவும் போகவில்லை. போர்வையில் சுற்றி மடியில் வைத்துக் கொண்டுவந்த கம்ப்யூட்டர் மட்டும் ஐஸ் கூடத்து அலுவலக மேசையில் பத்திரமாக இருந்தது. அதைச் சர்வராக்கி, கணக்கு மென்பொருளை ஏற்றிக் கொடுக்க வேண்டும். மாலையில் மீனவர் சங்கத்தின் பொதுக்குழு. அதற்குள் முடிந்தாக வேண்டும்.

சங்கத்துக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இந்த ஐஸ் கூடம் ஒன்றுதான் உண்டு. படகுகள் இங்கே ஐஸ் எடுக்கும், பிடித்ததை இங்கே நிறுத்துப் பதியும். இதை நடத்துகிறவர் நஸீஹா அக்கா. தீவில் பிடிபடும் பேய்க்கணவாயில், அதாவது ஆக்டோபஸில், பெரும்பகுதியை வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர் துஹாமி ஹாஜியார். போன பொதுக்குழுவுக்கு வியாபாரி என்ற முறையில் வந்திருந்த ஹாஜியார் பெருந்தன்மையோடு எழுந்து, “உங்க கணக்கையெல்லாம் ஸ்ஃபாக்ஸ்ல என் ஆபீஸே பாத்துக்கும். எதுவும் தர வேண்டாம்” என்றார். எவன் எவ்வளவு பிடித்தான், எவன் ஐஸுக்குக் கடன் வைத்து முழிக்கிறான் என்று வாங்குகிறவருக்கே தெரிந்துவிட்டால், அப்புறம் விலை யார் சொல்வது? அக்காவுக்கு அது புரிந்தது. கூட்டத்தில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. கோபத்தில் அக்கா, “அடுத்த கூட்டத்துக்குள்ள நம்ம கட்டடத்துல, நம்ம மெஷின்ல கணக்கு ஓடும். ஓடலைன்னா ஹாஜியார்கிட்டயே குடுத்துருங்க, என் நாற்காலியையும் சேத்து” என்று சொல்லிவிட்டார். அந்த அடுத்த கூட்டம்தான் இன்றைக்கு.

மாத வாடகைக்குக் கிடைக்கும் மென்பொருள்கள் எங்களுக்குச் சரிப்படாது. எங்கள் வங்கி அட்டையை வெளிநாட்டில் நீட்டினால் ஏற்கமாட்டார்கள். நான் கொண்டுவந்தது யாரும் எடுத்து, பிரித்துப் பார்த்து, தங்கள் மெஷினிலேயே வைத்துக்கொள்ளக் கூடியது. அடியில் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளம், அதன்மேல் டேட்டாபேஸ், அதன்மேல் இந்த மென்பொருள். இணையம் இல்லாமலே நிறுவுவதற்கு வேண்டியதெல்லாம் ஒரு பென் டிரைவில் இருந்தது. இருந்தது என்றுதான் நினைத்தேன்.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கறுப்புத் திரையில் எழுத்து ஓடுவதைப் பார்த்தார்.

“இதுல படமே வராதா விதாத்?”

“வராதுக்கா.”

“எங்க வீட்டு வாஷிங் மெஷின்கூட வேலை முடிஞ்சா பாட்டுப் பாடுது.”

“இது பாடாது. பாடுனா பயப்படுங்க.”

வேலை ஒழுங்காகத்தான் போனது. டேட்டாபேஸ் எழுந்தது. மென்பொருளின் முதல் பக்கம் வந்ததும் அக்காவின் முகம் தெளிந்தது. ஒருவழியாக நிறமும் பட்டனும் பார்த்துவிட்டார். சங்கத்தின் பெயர் கேட்டது, கொடுத்தோம். நாணயம் கேட்டது, துனீசிய தினார் என்றோம். நிர்வாகியின் பெயர் கேட்டது.

“என்ன போடட்டும்?”

அக்கா ஜன்னல் பக்கம் பார்த்தார். “சாயங்காலம்வரைக்கும் என் பேரப் போடு” என்றார்.

சோதித்துப் பார்க்க அய்யாஷியின் கணக்கை ஏற்றினோம். அய்யாஷி கிழட்டு மீனவர், ஊரிலேயே பெரிய சந்தேகப் பேர்வழி. கடையில் மிச்சம் வாங்கினால் தெருமுனைவரை எண்ணிக்கொண்டே நடப்பார். கூட்டத்தில் முதலில் தன் கணக்கைத்தான் கேட்பார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு பெட்டி ஐஸ் இரண்டு தினார் முந்நூற்று எழுபத்தைந்து மில்லிம். அக்கா 2.375 என்று அடித்தார். திரையில் 2.38 என்று வந்தது.

மறுபடி அடித்தார். மறுபடியும் அதேதான்.

உலகத்தில் பெரும்பாலான காசுக்குப் புள்ளிக்குப் பின்னால் இரண்டு இலக்கம் போதும். எங்கள் தினாருக்கு ஆயிரம் மில்லிம், ஆகவே மூன்று வேண்டும். எந்த நாட்டுக் காசுக்கு எத்தனை இலக்கம் என்று இந்த மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுக்கிற துண்டு நிரல் ஒன்று உண்டு. வேறு வேலைக்காக அதை என் வீட்டுக் கம்ப்யூட்டரில் என்றோ ஏற்றியிருந்தேன். வீட்டில் சோதித்தபோது அது சத்தமில்லாமல் உதவி செய்திருக்கிறது. பென் டிரைவில் வைக்க எனக்குத் தோன்றவே இல்லை. என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

“அஞ்சு மில்லிம்தானே. விட்டுட்டா என்ன?” என்றேன், எனக்கே வெட்கமாக இருந்தாலும்.

“அய்யாஷி மாமா விடுவாரா? ‘என்னைக் கேக்காம ஏன் அஞ்சு ஃப்ராங்க் கூட்டுனே’ன்னு ஆரம்பிச்சார்னா முற்றமே சிரிக்கும். சிரிச்சா முடிஞ்சுது விதாத். கை தூக்குறவன் தூக்க மாட்டான்.”

மில்லிமை ஃப்ராங்க் என்ற பழைய பெயரிலேயே எண்ணுகிற ஆட்கள் இவர்கள். அக்கா சொன்னது சரிதான்.

இணையம் இருந்தால் அந்தத் துண்டை இறக்கிவிடலாம். காற்று எழுந்த உடனே தீவின் போன் கோபுரம் படுத்துவிட்டது. ஹாஜியாருக்கு மட்டும் தன் கொள்முதல் கொட்டகைமேல் சொந்த இணையக் கம்பம் ஒன்று உண்டு. அதன் வழியாக ஸ்ஃபாக்ஸ் அலுவலகத்தோடு எப்போதும் தொடர்பிலிருப்பார்.

“போக மாட்டேன்” என்றார் அக்கா, நான் வாயைத் திறப்பதற்குள்.

“சரி, போகாதீங்க. சாயங்காலம் நாற்காலியத் தூக்கிட்டு அவர் வீட்டுக்குப் போங்க. அப்ப எப்படியும் போய்த்தானே ஆகணும்.”

“உனக்கு வாய் நீளம்டி.”

“உங்களுக்கு ரோஷம் நீளம்.”

அக்கா எழுந்து செருப்பை மாட்டினார். பிறகு, “கயிறுன்னு கேட்டா இல்லேன்னு சொல்ல முடியாது” என்றார்.

எங்கள் படகுத்துறையில் இது ஒரு வழக்கம். கடலில் எந்திரம் நின்றுபோனவன் கயிறு கேட்டால், பகையாளியாக இருந்தாலும் வீசித்தான் ஆக வேண்டும். இழுத்துக் கரை சேர்த்ததற்குக் காசு வாங்கக்கூடாது. ஆனால் கயிறு வாங்கியவன், இன்னாரிடம் வாங்கினேன் என்று நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லும்வரை சாப்பிடமாட்டான். சிலருக்குக் கடலில் செத்துப்போவதே சுலபம் என்று தோன்றியிருக்கும்.

ஹாஜியாரின் கொட்டகை வாசலில் அவருடைய குளிர்பதன லாரி நின்றிருந்தது. பேய்க்கணவாய் ஏற்றியாகிவிட்டது, கப்பல்தான் இல்லை. குளிரூட்டும் பெட்டியின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு டிரைவர் திட்டிக்கொண்டிருந்தான். உள்ளே ஹாஜியார் தன் ஆட்களோடு கூஸ்கூஸ் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்.

“வாம்மா நஸீஹா, சாப்பிடு. மெஷினு எந்திரிச்சுதா, இன்னும் தூங்குதா?”

“கயிறு கேட்டு வந்திருக்கேன் ஹாஜியாரே.”

ஆட்கள் கையை நிறுத்தினார்கள். ஹாஜியார் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கரையில் நின்று கயிறு கேட்டவர்கள் அதுவரை யாரும் இல்லை. ஆனால் அந்தச் சொல்லைச் சொன்ன பிறகு, அத்தனை பேர் முன்னால் அவர் என்ன செய்வார்?

“என்ன கயிறு?”

நான் சொன்னேன். அவரே எழுந்து தன் மேசைக் கம்ப்யூட்டரைக் காட்டினார். கோப்பு ஒரே மூச்சில் இறங்கிவிட்டது.

“இவ்வளவுதானா?” என்றார் ஏமாற்றமாக.

“இவ்வளவேதான்.”

“சரி. சாப்பிட்டுட்டுப் போங்க.”

“சொல்லாம சாப்பிடமாட்டேன்” என்றார் அக்கா.

“ஆமாமா. கூட்டத்துல சொல்லு, நல்லா சத்தமா சொல்லு.” அவர் சிரித்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. விட்டிருந்தால் நான் இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். கயிறு வாங்கியது அக்காதானே. அக்கா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

துண்டை ஏற்றினேன், மென்பொருளை மறுபடி எழுப்பினேன். 2.375 என்று முழுசாக வந்து நின்றது. அக்கா திரையைத் தொட்டுப் பார்த்தார்.

மாலையில் ஐஸ் கூடத்து முற்றத்திலேயே கூட்டம். காற்றுக்குப் படகுகள் எல்லாம் கரையில் கிடந்ததால் ஒருவர் விடாமல் வந்துவிட்டார்கள். அலுவலகத்திலிருந்து நெட்வொர்க் வயரை நீட்டி, கம்ப்யூட்டரை வெளியே கொண்டுவந்து வைத்தோம். அக்கா சலாம் சொல்லிவிட்டு முதலில் அதைத்தான் சொன்னார். “இன்னைக்கு மத்தியானம் துஹாமி ஹாஜியார்கிட்ட கயிறு வாங்குனேன். இந்தக் கணக்குக்கு ஒரு துண்டு கொறைஞ்சுது. அவரோட கம்பம் வழியாத்தான் எடுத்தோம்.”

முணுமுணுப்பு எழுந்தது. ஹாஜியார் காத்திருந்தவர்போல எழுந்தார்.

“நான் அதப் பெருசா பேசல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பொறந்த அன்னைக்கே என் கம்பத்தப் பிடிச்சுத்தான் இது நிக்குது. நாளைக்கு யாரைப் பிடிக்கும்? நேரா என்கிட்டயே குடுத்துட்டா என்ன கொறைஞ்சு போகும்?”

நாலைந்து தலைகள் ஆடின. தப்பு என்னுடையது, நாற்காலி அக்காவுடையது.

அய்யாஷி எழுந்து மேசைக்கு வந்தார். “என் கணக்கக் காட்டு.” காட்டினேன். கண்ணைத் திரையோடு ஒட்டவைத்துக்கொண்டு கடைசி ஃப்ராங்க்வரை உதட்டுக்குள் எண்ணினார். பிறகு, “இது எங்கருந்து வருது?” என்றார்.

“இந்தப் பெட்டிக்குள்ளருந்து மாமா.”

“வேற எங்கயும் இல்லியா?”

நெட்வொர்க் வயரைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தேன். அவருடைய கணக்கு அப்படியே நின்றது. அடுத்தவர் கணக்கைத் திறந்தேன், அதுவும் வந்தது. அய்யாஷி வயரைத் தூக்கிப் பிடித்தபடி ஹாஜியார் பக்கம் திரும்பினார். “உன் கம்பத்த அணைச்சுட்டு உன் கணக்கக் காட்டேன், பாப்போம்.”

ஹாஜியாரின் கணக்கு கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அவர் பதில் சொல்வதற்குள் லாரி டிரைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் காதில் ஏதோ சொன்னான். ரகசியமாகச் சொல்வதாக நினைத்திருப்பான். காற்றுக்காகக் கத்திப் பழகிய தொண்டை. லாரியின் குளிர்ப்பெட்டி சரியாகவில்லை, சரக்கு இளகுகிறது, நாளைக்கும் கப்பல் இல்லையாம் என்பது முற்றத்தில் எல்லோருக்கும் கேட்டது.

சங்கத்து ஐஸ் உறுப்பினர்களுக்கு மட்டும்தான், அது விதி. ஹாஜியார் உறுப்பினர் இல்லை. உள்ளே ஐஸ் கூரை முட்டக் கிடந்தது, எந்தப் படகும் கடலுக்குப் போகாததால் எடுப்பாரில்லை. அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். யாரும் அவருக்கு உதவவில்லை. எனக்கு உள்ளுக்குள் இனித்தது, அதை மறைக்கவும் நான் முயலவில்லை.

“கயிறு குடும்மா நஸீஹா” என்றார்.

அக்கா ஒரு கணம்கூடத் தாமதிக்கவில்லை. ஐஸை எடுத்துத் தரச் சொல்லி ஆட்களிடம் கைகாட்டிவிட்டு மேசையில் உட்கார்ந்தார். “கயிறுக்குக் காசு இல்ல. ஆனா ஐஸ் எவ்வளவு போச்சுன்னு சங்கத்துக்குத் தெரியணும்” என்று சொல்லி, புதிதாகப் பெயர் சேர்க்கும் பக்கத்தைத் திறந்தார். “பேரு?”

“என் பேரு உனக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும். இதுக்குத் தெரியாதே.”

அப்போதுதான் முற்றம் சிரித்தது. துஹாமி என்று அவர் சொல்ல, அக்கா அடித்தார். பெட்டிகளின் எண்ணிக்கையும் மதிப்பும் மூன்று இலக்கத்தோடு வந்து விழுந்தன, வரவேண்டிய தொகையின் இடத்தில் பூஜ்யம்.

பிறகு கை தூக்கச் சொன்னார்கள். எண்ணத் தேவைப்படவில்லை. அய்யாஷி வயர் பிடித்த கையையே தூக்கினார். நிர்வாகி பெயரை மாற்றட்டுமா என்று அக்காவின் காதில் கேட்டேன். “போடி” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

சாப்பிடக் கடைத்தெரு உணவகத்துக்குப் போனோம். அக்கா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை; ரொட்டி வந்ததும் பிய்த்து வாய் நிறையப் போட்டுக்கொண்டார். லாரியில் ஐஸ் ஏற்றி முடித்துவிட்டு ஹாஜியார் தன் ஆட்களோடு வந்து மூலை மேசையில் உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் பொரித்த மீனைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஆட்கள் சாப்பிடத் தொடங்கினார்கள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார், ரொட்டியை எடுத்தார், திரும்ப வைத்தார். முற்றத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் தெரிந்த விஷயம்தான். ஆனால் அங்கே அவர் கயிறு கேட்டார், வாங்கினேன் என்று சொல்லவில்லை.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். கடை அடங்கியது.

“இன்னைக்கு ஐஸ் கூடத்து நஸீஹாகிட்ட கயிறு வாங்குனேன்” என்றார், எல்லோருக்கும் கேட்கிற குரலில்.

அக்கா மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார். எங்கள் மேசையிலிருந்த ஹரீஸா மிளகாய் விழுதுக் கிண்ணத்தை எடுத்துப்போய் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார். ஹாஜியார் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தார்.