எரிக்காத சோதனை

ஏழாயிரம்பண்ணைப் பட்டாசு ஆலையொன்றில் மாதிரி வெடிகளைக் கொளுத்திப் பார்ப்பது செல்லச்சாமியின் வேலை. அவருடைய வலப்புருவம் எப்போதும் பாதி கருகியே இருக்கும். அன்று காலை, விருதுநகரில் செல்வலட்சுமி நடத்திவந்த கணினி பழுதுபார்க்கும் கடைக்கு, மகள் ஓவியாவின் சின்ன லேப்டாப்பைத் துண்டில் பொதிந்து கொண்டுவந்தார்.

“மயிலு படம் உள்ள மாட்டிக்கிச்சு தாயி. தரைச்சக்கரப் பெட்டிக்கு லேபிள். எம்மகளுக்கு மொத ஆர்டர். மத்தியானத்துக்குள்ள அச்சாபீசுக்குப் போகலேன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவாக.”

“வேற எங்கனயும் காப்பி இல்லையா அண்ணாச்சி?”

“இருந்தா வெள்ளன பஸ்ஸேறி இங்க எதுக்கு வாரேன்?”

சுழலும் தட்டுக்குப் பதிலாகச் சில்லுகளில் தகவலைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. அந்த ஊருக்கு அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது. ஓவியாவின் லேப்டாப்பில் இருந்ததும் அதுதான். அதில் தகவல் தங்கும் சிறு கட்டங்களான பிளாக்குகளில் எவையெவை கெட்டிருக்கின்றன என்று அறிய, அதைக் கழற்றித் தன் கணினியில் மாட்டிக் கறுப்புத் திரையில் ஒரு கட்டளையை வரவழைத்தாள் செல்வலட்சுமி.

“என்ன செய்யப் போறீக?”

“டெஸ்ட் பண்ணப் போறேன்.”

செல்லச்சாமியின் கை விசைப்பலகையை மூடியது. “வேணாம் தாயி. நான் டெஸ்ட் பண்ணுன சரம் எதுவும் பெட்டிக்குத் திரும்புனதில்ல.”

அவள் சிரித்துவிட்டாள். “இது என்ன வெடியா? சும்மா படிச்சுப் பாக்கும், அம்புட்டுத்தான்.” அவருக்குப் புரியட்டும் என்று திரையில் விரல் வைத்துக் கட்டளையை வாசித்துக்காட்டினாள். ‘டபிள்யூ’ என்ற ஒற்றை எழுத்தில் விரல் நின்றது. கடைக்கு வந்த புதிய, வெற்று எஸ்.எஸ்.டி.களுக்குச் சற்றுமுன் கொடுத்த அதே கட்டளை. அம்புக்குறிப் பொத்தானைத் தட்டியதில் அப்படியே திரும்பி வந்திருந்தது. அந்த எழுத்து இருந்தால் கணினி ஒவ்வொரு பிளாக்கிலும் புதிதாக எழுதித்தான் சோதிக்கும். மயில் மிஞ்சாது.

அவரிடம் சொல்லாமலே அந்த எழுத்தை அழித்திருக்கலாம். அவளுக்கு மனம் வரவில்லை.

“கைய எடுக்காதீக அண்ணாச்சி. நீங்க சொன்னதுதான் சரி. நான் கொளுத்தத்தான் பாத்தேன்.”

அவர் கோபப்படவில்லை. கருகிய புருவத்தைத் தடவிக்கொண்டார். “எனக்கும் கை தவறியிருக்கு தாயி. இப்பப் பாத்து அடிங்க.”

அந்த வரியை அழித்துவிட்டு, படிக்க முடிந்ததையெல்லாம் முதலில் வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்தாள். பிறகு, எழுதாமல் படிக்க மட்டும் செய்யும் சோதனையை ஓட்டினாள். கெட்ட பிளாக்குகளின் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. நகலில் மயில் திறந்தது; தோகையின் குறுக்கே சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை ஓடியது.

செல்வலட்சுமி ஓவியாவைக் கைப்பேசியில் அழைத்தாள்.

“தலையும் கழுத்தும் இருக்காக்கா?”

“இருக்கு.”

“அப்பச் சரி. தோகைய அச்சாபீஸ் கம்ப்யூட்டர்லயே உக்காந்து போட்டுருவேன். அப்பாவ மட்டும் சீக்கிரம் அனுப்புங்க. வழியில டீக்கடைல நின்னுறப் போறாக.”

மயிலை நகலெடுத்துக் கொடுத்த பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்திக்கொண்டு படியிறங்கிய செல்லச்சாமி, மேசைமேல் கிடந்த எஸ்.எஸ்.டி.யைத் திரும்பிப் பார்த்தார்.

“இனி அதக் கொளுத்தியே பாருங்க தாயி,” என்றார்.